தவணை தீபாவளிக்கு முன்னா, பின்னா?

(திருப்பூரில் வாசகர் வட்டம் ஒன்றின் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடி மாதத்தில் தீபாவளியைப் பற்றிப் பேச்சா என்று வாசலில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. இதே கூட்டத்தை ஐப்பசியில் வைத்திருந்தால் நானும் வந்திருப்பேன், கடன் வாங்காதீர்கள் என்று புத்தி சொல்லியிருப்பேன், நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் நேராகப் போய் வட்டிக்கு வாங்கியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவும் முடியாது. ஐப்பசியில் வேறு வழி இருக்காது. ஆடியில் இருக்கிறது. அதனால்தான் இப்போதே வந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளியைச் சுருக்கிக்கொள்ளுங்கள், புதுத்துணி எதற்கு, பட்டாசு எதற்கு என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. வருடம் முழுக்க மிஷின் முன்னால் குனிந்து தைப்பவருக்கு, ஒருநாள் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்துவதைப் பார்த்து நிற்க உரிமை இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை எப்படிக் குறைப்பது என்பது என் பேச்சு இல்லை. அதற்கு எப்போது பணம் கட்டுகிறோம் என்பதுதான் என் பேச்சு.

வாரச் சம்பளக்காரர் வீட்டில் தீபாவளிச் செலவை ஒரே வாரத்துச் சம்பளத்தில் முடிக்க முடியாது. எப்படியும் தவணையாகத்தான் கட்டியாக வேண்டும். அதில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. அந்தத் தவணையைத் தீபாவளிக்கு முன்னால் கட்டுகிறோமா, பின்னால் கட்டுகிறோமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம். துணிக்கு 5,000 ரூபாய். பலகாரத்துக்கு 2,000. பட்டாசுக்கு 1,500. சொந்த ஊருக்குப் போய்வர 3,000. ஊரில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கையில் கொடுக்க 1,500. எதிர்பாராத செலவுக்கு 1,000. மொத்தம் 14,000 ரூபாய். உங்கள் வீட்டில் இது கூடலாம், குறையலாம். கணக்கின் போக்கு மாறாது.

இந்த 2026ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வரும் சனிக்கிழமை தொடங்கி, தீபாவளிக்கு முதல் நாள் சனிக்கிழமை வரை எண்ணினால் 14 சம்பள நாட்கள். வாரம் 1,000 ரூபாய் எடுத்து வைத்தால் 14,000 வந்துவிடுகிறது. இது முன் தவணை.

எடுத்து வைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் தண்டல்காரரைப் பார்க்கிறோம். பத்தாயிரம் கேட்டால் பிடித்தம் போக எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார், நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய் கட்ட வேண்டும். ஆளுக்கு ஆள் பிடித்தம் மாறும், நடைமுறை இதுதான். நமக்குக் கையில் 14,000 வர வேண்டுமானால் ஏறத்தாழ 16,500 ரூபாய்க்குக் கடன் எழுத வேண்டும். நூறு நாள், தினம் 165 ரூபாய். வாரத்துக்கு 1,155 ரூபாய். இது பின் தவணை.

நூறு நாள் என்றால் எத்தனை வாரம்? பதினான்கு வாரம், மேலே இரண்டு நாள். முன்னால் கட்டினாலும் பதினான்கு வாரம், பின்னால் கட்டினாலும் பதினான்கு வாரம். முன்னால் கட்ட வாரம் ஆயிரம் இல்லை என்று சொன்ன அதே வீடு, பின்னால் வாரம் 1,155 கட்டுகிறது. கட்டாமல் இருக்கிறதா? தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பதால் கட்டுகிறது. வாங்கும் சக்தியும் கட்டும் சக்தியும் நம்மிடம் இருக்கின்றன. முன் தவணைக்காக நம் வாசலில் வந்து நிற்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படி வந்து நிற்பதற்குத் தண்டல்காரருக்கு நாம் கொடுக்கும் கூலி 2,500 ரூபாய். அதில் இன்னொரு குடும்பத்துக்குப் பலகாரமும் வாங்கி மீதியும் வைக்கலாம்.

பதினைந்து சதவீதம் பிடித்தால் பதினைந்து வட்டிதானே என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இரண்டாவது நாளே அசலைத் திருப்பத் தொடங்கிவிடுகிறோம். ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும், நம் கையில் இருக்காது. ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டும். நாம் சாதாரணமாகச் சொல்கிற இரண்டு வட்டி, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். ஐந்து வட்டி 60 சதவீதம். தண்டல் அதையெல்லாம் விழுங்கிவிடும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் இருப்பதை யாராவது வாசலில் நின்று சத்தம் போடும்போது நினைவில் வையுங்கள். ஆனால் சட்டம் அடுத்த தீபாவளிக்குத் துணி எடுத்துத் தராது.

நம் ஊருக்கு மட்டும் இதில் இன்னொரு சங்கடம் உண்டு. தீபாவளி முடிந்ததும் திருப்பூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மதுரை, தேனி, திண்டுக்கல், திருச்சிப் பக்கம் போனவர்கள் ஒரேயடியாகத் திரும்புவதில்லை. பனியன் கம்பெனிகள் முழு வேகத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்த நாட்களில் சம்பளம் கிடையாது. செலவு உச்சத்தில் நின்று முடிந்த அடுத்த நாளிலிருந்து வரவு பூஜ்யம். பின் தவணை தொடங்குவதும் ஏறத்தாழ அதே நாட்களில்தான். முதல் பத்து நாள் தவணைக்குப் பணம் இல்லாமல் இன்னொரு இடத்தில் கைமாற்று வாங்குகிறோம். தீபாவளிக் கடன் பொங்கல் வரைக்கும், சில வீடுகளில் சித்திரை வரைக்கும் இழுப்பதற்கு இந்தச் சம்பளமில்லா வாரம் பெரிய காரணம். ஆகவே உங்கள் பட்டியலில் ஏழாவதாக ஒரு வரி எழுதுங்கள்: திரும்பி வந்த வாரத்துக்கு அரிசி, பருப்பு, பால், பஸ் காசு. ஊருக்குக் கிளம்பும் முன்பே அரிசியும் பருப்பும் வாங்கி வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். பணமாக வைத்தால் ஊரில் செலவாகிவிடும்.

மாதச் சம்பளக்காரர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தேதிதான் விளையாட்டுக் காட்டும். தீபாவளி அமாவாசைக் கணக்கில் வருவது. 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. சென்ற ஆண்டு அக்டோபர் 20. இந்த ஆண்டு நவம்பர் 8. இருபதாம் தேதி வந்தால் சம்பளம் கரைந்திருக்கும், எல்லோரும் கார்டை நீட்டுவார்கள். எட்டாம் தேதி வந்தால் கையில் சம்பளம் புதிதாக இருக்கும், தாராளமாகச் செலவாகும், பதினைந்தாம் தேதிக்கு மேல் வீட்டு வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடன் வாங்குவோம். முதல் வகையில் தீபாவளிக்குக் கடன் வாங்கினோம் என்று தெரியும். இரண்டாவது வகையில் அதுகூடத் தெரியாது. அது வாடகைக் கடன் என்று நினைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு இரண்டாவது வகை, எச்சரிக்கையாக இருங்கள்.

முன் தவணை நமக்குப் புதிய பழக்கமா? இல்லவே இல்லை. நம் அம்மாக்கள் எல்லோரும் கட்டியதுதான். தீபாவளிப் பண்டு, பலகாரச் சீட்டு, பட்டாசுச் சீட்டு, பாத்திரச் சீட்டு. வாரம் ஐம்பதோ நூறோ கட்டினால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் எண்ணெய், மாவு, சர்க்கரை, ஒரு பட்டாசுப் பெட்டி, மேலே ஒரு எவர்சில்வர் பாத்திரம் வீட்டுக்கு வந்துவிடும். பொருளாதாரம் படித்த யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. கையில் காசு இருந்தால் செலவாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் காசைக் கையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள்.

ஆனால் அந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. சீட்டுப் பிடித்தவர் ஐப்பசி பிறந்ததும் காணாமல் போய்விடுவார். ஆண்டுதோறும் தீபாவளி சமயத்தில் காவல் நிலைய வாசலில் பெண்கள் கூட்டமாக நிற்கும் செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். கட்டிய பணத்துக்கு இரட்டிப்பாகப் பொருள், தங்கக் காசு, வெள்ளிக் குத்துவிளக்கு என்று ஒருவர் சொன்னால் உடனே ஒரு கேள்வி கேளுங்கள்: வாரம் நூறு ரூபாய் கட்டுகிறவருக்கு ஓராண்டில் இரட்டிப்பு எங்கிருந்து வரும்? பதில் சொல்ல முடியாது. அடுத்து சேருகிறவர் பணத்திலிருந்துதான் வரும், சேருகிறவர் நின்றால் எல்லாம் நின்றுவிடும். ஏலச் சீட்டு நடத்துகிறவர் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்பது உங்கள் உரிமை. கட்டுப்பாடற்ற வைப்புத் திட்டங்களுக்கு 2019ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் தடை வந்துவிட்டது. ஏமாந்தால் போக வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப் பிரிவு. ஏமாறாமல் இருக்க இன்னும் எளிய வழிகள் உண்டு.

முதல் வழி வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு, ஆர்.டி. என்கிறோமே அது. பல வங்கிகளில் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் தொடங்கலாம் என்பதால் இந்தத் தீபாவளிக்கு ஆகாது, அடுத்த தீபாவளிக்கு ஆகும். அஞ்சலகத்து ஆர்.டி. ஐந்தாண்டுக் காலம், அது பிள்ளைகள் படிப்புக்கு நல்லது, தீபாவளிக்குப் பொருந்தாது. இரண்டாவது வழி, உங்கள் மகளிர் சுய உதவிக் குழு. ஏற்கெனவே வாரச் சேமிப்பு எழுதுகிறீர்கள். அதோடு பண்டிகைக்கென்று தனியாக ஒரு பத்தி போட்டு, குழுவின் வங்கிக் கணக்கிலேயே வையுங்கள். ஒருவர் வீட்டுப் பீரோவில் வைக்காதீர்கள். அவர் நல்லவராக இருந்தாலும் வைக்காதீர்கள். நல்லவர் வீட்டிலும் ஆஸ்பத்திரிச் செலவு வரும்.

மூன்றாவது வழி துணிக்கடை, நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்கள். இவை பெரும்பாலும் பத்து, பதினொரு மாதத்தோடு முடிவதைக் கவனித்திருக்கிறீர்களா? நிறுவனங்கள் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க 2014ஆம் ஆண்டின் விதிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. பொருளுக்கான முன்பணம் என்றால் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் அது வைப்புத்தொகை என்று கருதப்படாது. அதனால்தான் பன்னிரண்டாவது மாதத்தைத் தொடுவதில்லை. ஒருவர் பதினெட்டு மாதத் திட்டம் என்று சொல்லிக் காசு வாங்கினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். நேர்மையான கடையிலும் ஒரு குறை உண்டு: பணமாகத் திரும்பக் கேட்டால் கிடைக்காது, அந்தக் கடைப் பொருளாகத்தான் எடுக்க வேண்டும். தேவை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சேருங்கள்.

இப்போது பின் தவணையின் புதுமுகங்களுக்கு வருகிறேன். தண்டல்காரரையாவது தூரத்தில் வரும்போதே அடையாளம் தெரியும். இவர்களைத் தெரியாது.

முதலாமவர், வட்டியில்லாத் தவணை. இதைப் பற்றி 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவாக எழுதிவிட்டது, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று. வட்டி பொருளின் விலைக்குள் இருக்கும், அல்லது ரொக்கத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடி காணாமல் போயிருக்கும், மேலே செயலாக்கக் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முழுப் பணம் இப்போதே கொடுத்தால் என்ன விலைக்குத் தருவீர்கள்? அவர் சொல்லும் விலைக்கும் தவணை விலைக்கும் உள்ள தூரம்தான் வட்டி. அதோடு இன்னொன்று: பிரிட்ஜும் டிவியும் செல்போனும் தீபாவளிச் செலவு கிடையாது. தீபாவளி சமயத்தில் விளம்பரம் வருகிறது என்பதால் அவை பண்டிகைப் பொருளாகிவிடாது. பிரிட்ஜ் கெட்டுப்போனால் மாசியிலும் வாங்கத்தான் வேண்டும், கெட்டுப்போகவில்லை என்றால் ஐப்பசியிலும் வேண்டாம்.

இரண்டாமவர், கிரெடிட் கார்டு. முழுத் தொகையையும் கெடு நாளுக்குள் கட்டுகிறவருக்கு அது நல்ல வசதி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவருக்கு? முப்பதாயிரம் பாக்கி, மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,050 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 189 ரூபாய். ஆக 1,239. குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம் என்றால் கட்டுவது 1,500. அசலில் குறைவது 261 ரூபாய். அதுமட்டும் இல்லை. பாக்கி வைத்த மாதத்தில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் பல மாதங்கள், பல ஆண்டுகள் நீளும் என்று பில்லிலேயே எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அச்சடிக்கிறார்கள். நாம் கட்ட வேண்டிய தேதியை மட்டும் பார்க்கிறோம்.

மூன்றாமவர், கடன் ஆப். ஐந்து நிமிடத்தில் பணம். 2022 செப்டம்பரிலிருந்தே இருந்துவரும் ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கடன் தொகை வங்கி அல்லது பதிவு பெற்ற நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும், மொத்தச் செலவையும் ஆண்டு வட்டி விகிதமாக எழுதிய முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும், உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது. தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கிற ஆப் எதுவானாலும் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள். பணம் கட்டத் தாமதமானால் உங்கள் அண்ணிக்கும் மேனேஜருக்கும் போன் போவது அந்த வழியில்தான். மிரட்டினால் சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணைக் கூப்பிடுங்கள்.

போனஸ் வருமே, பிறகு என்ன கவலை என்று சிலர் நினைப்பீர்கள். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வைத்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே விகிதம்தான். 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே கேட்கலாம். கேளுங்கள். ஆனால் போனஸை நம்பித் தீபாவளியைத் திட்டமிடாதீர்கள். அது பெரும்பாலும் கடைசி இரண்டு வாரத்தில் வருகிறது. கடைசி இரண்டு வாரத்தில்தான் எல்லாக் கடையிலும் விலை ஏறி, கூட்டம் கூடி, பேரம் பேச இடமில்லாமல் போகிறது. பதினான்கு வாரச் சேமிப்பு தீபாவளியைப் பார்த்துக்கொண்டால், போனஸ் வேறு வேலை செய்யும். முதல் பங்கு, அதிக வட்டியுள்ள பழைய கடனை அடைக்க. இரண்டாவது பங்கு, சம்பளமில்லா வாரத்துக்கு. மூன்றாவது பங்கை உங்கள் இஷ்டம்போலச் செலவு செய்யுங்கள், யாரும் கேட்கக் கூடாது. போனஸ் வந்த பிறகு பிரிக்க முடியாது, வருவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பிரித்து எழுதிவிடுங்கள்.

இனி, செலவு ஒவ்வொன்றாக. முன்கூட்டித் தொடங்குவதால் பணம் மட்டும் மிஞ்சுவதில்லை, பொருளும் நன்றாக அமைகிறது என்பதைக் கவனியுங்கள்.

துணி. ஆடித் தள்ளுபடி இப்போது நடக்கிறது. எல்லாத் தள்ளுபடியும் உண்மை இல்லை, ஆனால் பெரியவர்களுக்கான வேட்டி, துண்டு, சேலையை இப்போதே எடுக்கலாம், அளவு மாறப் போவதில்லை. கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஈரோட்டு ஜவுளிச் சந்தை பக்கத்தில்தான், நான்கு வீடு சேர்ந்து போனால் மொத்த விலைக்குக் கிடைக்கும். வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் புரட்டாசியில் எடுங்கள். தைக்கக் கொடுப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். தீபாவளி நெருங்கினால் டெய்லர் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார் என்பதைத் தையல்காரர்கள் நிறைந்த இந்த ஊரில் நான் சொல்லத் தேவையில்லை.

பலகாரம். கடையில் கிலோ கணக்கில் வாங்குவதைவிட வீட்டில் சுடுவது மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் சுடுவதில்லை? வேலை முடித்து வந்து ஒரு பெண் தனியாக அடுப்படியில் நின்று முறுக்குப் பிழிய முடியாது. உடம்பு தாங்காது. அதனால் தனியாகச் செய்யாதீர்கள். ஒரே காம்பவுண்டில் ஐந்து வீடு இருந்தால், ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே அடுப்பு. ஒரு வீடு பச்சரிசி மாவு அரைக்கட்டும், ஒரு வீடு எண்ணெய் வாங்கட்டும், ஒருவர் பாகு பதம் பார்க்கட்டும், ஆண்கள் முறுக்கு அச்சைப் பிழியட்டும், கைக்கு வலு வேண்டிய வேலை அது. ஒரு முறுக்கு, ஒரு இனிப்பு போதும். ஏழு வகை செய்து கார்த்திகை வரைக்கும் சிக்குப் பிடித்த எண்ணெய் வாடையோடு தின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை. தீபாவளி லேகியத்தை மறக்காதீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் ஆகியவற்றின் செலவு சிறியது, அடுத்த நாள் மருந்துக்கடைச் செலவைத் தடுப்பது பெரியது.

பட்டாசு. தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாக வெடிக்கும் நேரம் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு. உச்ச நீதிமன்றம் 2018இல் இரண்டு மணி நேரம் என்று வைத்ததன் பிறகு வந்த ஏற்பாடு. இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். எண்பது சதவீதத் தள்ளுபடி என்று போட்டிருக்கும் விலைப் பட்டியலைக் கண்டு மயங்காதீர்கள், அட்டையில் அச்சிட்ட விலையே அந்தத் தள்ளுபடிக்காக ஏற்றி வைத்ததுதான். ஆன்லைனில் பட்டாசு விற்பதற்கும் அதே தீர்ப்பு தடை போட்டது. போனில் வரும் இணைப்பில் முன்பணம் கட்டினால் பட்டாசும் வராது, பணமும் வராது.

பயணம். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்னால் தொடங்குகிறது. நவம்பர் 6, வெள்ளிக்கிழமை கிளம்புகிறவருக்குச் செப்டம்பர் 7 முதல் நாள். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். தவறினால் அரசு சிறப்புப் பேருந்து. ஆம்னி பஸ்ஸின் கடைசி நாள் கட்டணத்தில் ஒரு குழந்தைக்கு முழுத் தீபாவளித் துணி எடுக்கலாம்.

இதுவரை சொன்னது நம் கையில் உள்ள செலவு. நம் கையில் இல்லாத ஒன்று இருக்கிறது, சீர். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச், சம்பந்தி வீட்டு ஆளுக்கெல்லாம் துணி, தாம்பாளம் தாம்பாளமாகப் பலகாரம். நடுத்தர வீட்டின் மிகப் பெரிய தீபாவளிக் கடன் இதுதான். இதைப் பெண் வீட்டார் குறைக்க முடியாது. குறைத்தால் மகள் பேச்சுக் கேட்க வேண்டிவரும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. ஆகவே பெண்ணைப் பெற்றவர்களுக்கு நான் எந்தப் புத்தியும் சொல்லப் போவதில்லை. இந்தக் கூட்டத்தில் பையனைப் பெற்றவர்கள் இருக்கிறீர்கள், புது மாப்பிள்ளைகளும் இருக்கலாம். ஆவணியிலேயே ஒரு போன் போடுங்கள். “சம்பந்தி, மோதிரம் கீதிரம் எதுவும் வேண்டாமுங்க, எண்ணெய்க் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் வர்றோமுங்க” என்று சொல்லுங்கள். ஐப்பசியில் சொன்னால் ஒப்புக்குச் சொல்வதாக ஆகிவிடும், அதற்குள் கடனும் வாங்கியிருப்பார்கள். ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்ற ஒரு போன் பேச்சு போதும் என்ற இடம் இது ஒன்றுதான்.

குறைக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. வீட்டு வேலை செய்கிற அம்மா, தெருவைக் கூட்டுகிறவர், தண்ணீர் திறந்துவிடுகிறவர். நம் கம்பெனியில் போனஸ் குறைந்தால் கொதிக்கிறோம். அவர்களுக்குக் கொடுப்பதில் கைவைத்து நம் பட்ஜெட்டைச் சரி செய்வது சிக்கனம் ஆகாது. அதைத் துணிக்கு முன்னால், பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள்.

இவ்வளவு சொல்லியும், நோய் வந்தது, வேலை போனது, கடன் வாங்காமல் முடியவில்லை என்ற வீடுகள் இருக்கும். அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, வரிசை தெரிந்து வாங்க வேண்டும். அரசு ஊழியருக்கு வட்டியில்லாப் பண்டிகை முன்பணம் உண்டு, தவணையாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள். தனியார் கம்பெனியிலும் முதலாளியிடம் முன்பணம் கேட்டுப் பாருங்கள். அடுத்து சுய உதவிக் குழுவின் உள்கடன். அடுத்து கூட்டுறவு வங்கியில் நகைக் கடன். இவற்றுக்கு அப்பால் போகாதீர்கள். அளவுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தைப்பொங்கலுக்குள் அடைக்க முடிந்த தொகை மட்டும். இந்த ஆண்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் ஒன்பது பத்து வாரம்தான் இருக்கிறது. அதற்குள் அடையாத கடன் அடுத்த பண்டிகையையும் சேர்த்து விழுங்கும்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மொத்தம் இவ்வளவு, உன் பங்கு இவ்வளவு, துணியில் குறைத்தால் பட்டாசில் கூட்டிக்கொள்ளலாம் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். நம்மைவிடக் கறாராகக் கணக்குப் போடும். அடம்பிடிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கணக்குத் தெரியாத பிள்ளைகள்.

இன்று இரவு வீட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் மொத்தத் தொகை என்ன, அதைப் பதினான்கால் வகுத்தால் வாரத்துக்கு எவ்வளவு. அந்த வாரத் தொகை உங்களால் முடியாது என்று தோன்றினால், நவம்பருக்குப் பிறகும் அது முடியாது, வட்டியோடு சேர்ந்து இன்னும் முடியாது. அப்போது தொகையைக் குறையுங்கள், கடனைத் தேடாதீர்கள். இந்த முறை வாரம் ஆயிரம் கனமாகத்தான் இருக்கும், நாம் தாமதமாகத் தொடங்குகிறோம். அதே 14,000 ரூபாயை 52 வாரத்தில் பிரித்தால் வாரம் 270 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆகவே இந்தத் தீபாவளி முடிந்து, முதல் சம்பளம் வாங்கும் சனிக்கிழமை, மற்றவர்கள் பின் தவணை கட்டிக்கொண்டிருக்கும் அதே நாளில், நீங்கள் 2027 தீபாவளிக்கான முன் தவணையின் முதல் ரூபாயைக் கட்டிவிடுங்கள்.

வாரத் தொகையை வகுத்துப் பார்க்க யாருக்காவது உதவி வேண்டுமென்றால் கூட்டம் முடிந்த பிறகும் இருக்கிறேன், தாளோடு வாருங்கள்.